ஜீப்புக்கு அடியில்

கொல்லிமலையில் தெய்வானையம்மையின் மடம் இருந்தது. அங்கிருந்த சீடர்களில் வையாபுரிதான் மூத்தவர். வயதில் அம்மையையும்விட மூத்தவர். நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மலையேறி வந்து அங்கேயே தங்கிவிட்டார். மடத்தின் பழைய ஜீப் அவர் பொறுப்பு. அம்மை எங்கே போனாலும் அவர்தான் ஓட்டுவார்.

அந்த ஆடியில் சென்னியப்பன் வந்து சேர்ந்தான். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவன். நன்றாகப் பாடுவான். அவன் பாடினால் அம்மை கண்ணை மூடிக்கொள்வார். அவன் ஏதாவது சந்தேகம் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்.

'என்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்காங்களா?'

வையாபுரிக்கு அந்த நினைப்பு விடவே இல்லை. பந்தியில் அம்மை யாருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொல்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்க்கும் அளவுக்குப் போய்விட்டது.

ஒரு நாள் மத்தியானம் அம்மை சொன்னார். "நாளைக்குக் கீழே போகணும். வண்டியைச் சென்னியப்பன் ஓட்டட்டும்."

"நான் இருக்கேனுங்களே அம்மா."

"அவரும் பழகட்டும்."

அவ்வளவுதான்.

சாயங்காலம் சென்னியப்பனே தேடி வந்தான். "வண்டியை ஒருக்கா பார்த்துடலாமுங்களா அண்ணா?"

அவனை வண்டியில் உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு வையாபுரி அடியில் படுத்தார். ஒவ்வொரு இணைப்பாகக் கையால் பிடித்துப் பார்த்தார். இடது சக்கரத்துப் பக்கம், சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில், டை ராடு எண்டில் விரல் வைத்ததும் கை அங்கேயே நின்றது. மேலே அவன் ஆட்ட ஆட்ட, உள்ளே இருந்த உருண்டை டக் டக்கென்று குதித்தது. மூடியிருந்த ரப்பர் கிழிந்து கிரீஸ் மண்ணாகிக் கிடந்தது. மாற்றியே ஆக வேண்டும். புதியது ஒன்று அவர் பெட்டியிலேயே இருந்தது.

"எப்படிங்கண்ணா இருக்குது?"

மேலே அவன் ஏதோ மெதுவாகப் பாட ஆரம்பித்தான். அம்மைக்குப் பிடித்த பாட்டு.

"பழைய வண்டி அப்படித்தான் ஆடும்," என்றார் வையாபுரி. "ஓட்டலாம்."

வளைவில் வண்டி அலையும். இவன் திணறுவான். அம்மை பயந்துபோய், 'வையாபுரியைக் கூப்பிடுங்க' என்பார். அது வரைக்கும்தான் அவர் யோசித்தார். அதற்குமேல் தன்னை யோசிக்க விடவில்லை.

பூசை முடிந்து வந்த அம்மை கேட்டார். "வண்டி நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்கம்மா."

விடியும்போது பக்கத்து மேலூர் ஆட்கள் தூளி கட்டி ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். வெள்ளையம்மாள். தலைப்பிரசவம். இரவு பூராவும் வலியாம், பிள்ளை இறங்கவில்லை.

"நான் அப்புறம் போய்க்கிறேன்," என்றார் அம்மை. "இவங்களை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

வையாபுரி குளித்துவிட்டு வருவதற்குள் அவளை ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது. தலை அவளுடைய அம்மா மடியில். புருசன் காலைப் பிடித்திருந்தான். வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

ஈரத் துண்டோடு வையாபுரி ஓடினார். "நிறுத்து! நிறுத்து சென்னியப்பா!"

குறுக்கே புகுந்து பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"டை ராடு எண்டு போயிருச்சு. வளைவுல கழண்டுட்டா சக்கரம் திரும்பாது."

"நேத்து ஓட்டலாம்னீங்களேண்ணா?"

"நேத்தே தெரியும்."

சென்னியப்பன் இன்ஜினை அணைத்தான். வெள்ளையம்மாளின் அம்மா வையாபுரியைப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார்.

வெள்ளையம்மாளை இறக்கிப் பாயில் கிடத்தினார்கள். வையாபுரி ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். நட்டு கழலாமல் பூட்டியிருந்த பின்னை உருவி, நட்டைத் திருகினார். அவள் அலறும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார். சுத்தியல் வழுக்கிக் கட்டைவிரல் நகம் பிய்ந்தது. சென்னியப்பன் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாங்கண்ணா."

பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றுக்குப் புதியதை ஏற்றி, முறுக்கி, பின்னையும் போட்டு மடக்கினார். சக்கரத்தை மாட்டினார்கள். சென்னியப்பன் மறுபடி ஸ்டீயரிங்கை ஆட்டினான். அடியில் படுத்திருந்தவரின் விரலுக்குத் துளி அசைவும் எட்டவில்லை.

"இன்னொருக்கா ஆட்டு," என்றார் வையாபுரி.

இன்னொரு முறையும் ஆட்டினான்.

எழுந்து, ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு அம்மையிடம் வந்தார். "நானே ஓட்டட்டுங்களா?"

அம்மை அவர் கையைப் பார்த்தார். "ரத்தம் நிக்கலை. சென்னியப்பன் ஓட்டட்டும். நீங்க பின்னால ஏறிக்கங்க."

மலை இறங்கும் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெண் உருண்டுவிடாமல் வையாபுரி முதுகை அணையாகக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வலி வரும்போதெல்லாம் அவள் அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். சென்னியப்பன் நிதானமாக ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் வையாபுரி அம்மை முன்னால் போய் நின்றார்.

"என்ன குழந்தைங்க?"

"பொண்ணுங்கம்மா. ரெண்டு பேரும் சுகம்."

அம்மை கைகூப்பினார். வையாபுரி நகரவில்லை.

"தெரிஞ்சேதான் பொய் சொன்னேனுங்க. சென்னியப்பன் மேல எரிச்சல். நீங்க அவர்கிட்டச் சிரிக்கிறது பொறுக்கலை."

வையாபுரி நிமிர்ந்து அம்மையைப் பார்த்தார்.

"நீங்க மத்தவங்க மனசை அறிஞ்சவங்க. நேத்தே என்னைக் கண்டுபிடிச்சிருப்பீங்க. ஏம்மா ஒரு வார்த்தை கேட்கலை?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"ஒரு சந்தேகம்கூடவா வரலை?"

"சென்னியப்பனுக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணை ஏத்துறதுக்கு முன்னால, புள்ளத்தாச்சியாச்சே, வண்டியை இன்னொருக்கா பார்த்துடட்டுமான்னு என்கிட்டக் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வையாபுரி பார்த்துட்டாரு, வேற யாரும் பார்க்க வேண்டாம்னு சொன்னேன்."