கூடை இல்லாமல் வந்தவர்கள்

டாக்டர் திரவியத்துக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஐம்பது வயதில் புற்றுநோய் மருத்துவம் படிக்க வந்தவர். ஆசிரியை டாக்டர் மெஹர்நிஷா அவரைவிட எட்டு வயது இளையவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சமும் உண்டு.

"மேடம், சவரிமுத்துவுக்கு நுரையீரல் கட்டி திரும்ப வளருது. பதினோரு மாசம் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. அதே மருந்துதான் குடுக்கறோம். மருந்து கைவிட்டுட்டுதான்னு கேக்கார். ஏன் மேடம் இப்படி?"

மெஹர்நிஷா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அந்த மருந்து என்ன செய்யும்?"

"உடம்போட எதிர்ப்பு அணுக்களைக் கட்டிப்போட்டிருக்கிற கட்டை அவிழ்த்துவிடும். அதுகளே போய் நோயைப் பிடிச்சு அழிக்கும்."

"வார்டு வாசல்ல அரைமணி நேரம் நின்னுட்டு வாங்க."

திரவியத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓர் உயிர் ஊசலாடும்போது வாசலில் என்ன வேலை? ஆனாலும் போனார்.

வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்பது அந்த வார்டின் சட்டம். காவலுக்கு நின்ற இசக்கியம்மாள் கூடையோடு வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பினாள். வெறுங்கையோடு வந்தவர்களை விட்டாள். திரவியம் உள்ளே எட்டிப் பார்த்தார். மூன்று கட்டில்களில் இட்லிப் பொட்டலம் பிரிந்துகொண்டிருந்தது. முந்தானைக்குள் வந்த பொட்டலங்கள்.

"என்னம்மா இது?"

"கூடையோட வந்தா விடாதன்னுதான் சொல்லியிருக்காவ, சார். இப்பல்லாம் யாரும் கூடை கொண்டாரதே கொறஞ்சு போச்சு."

திரவியம் வேகமாகத் திரும்பி வந்தார். "சவரிமுத்து உடம்புலயும் காவல் முழிச்சுத்தான் இருக்கு, மேடம். ஆனா அது தேடுற அடையாளம் இப்ப வர்றவங்ககிட்ட இல்ல. அடையாளம் இருந்தவங்க எல்லாம் போயாச்சு." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

"ஒரு வாரமா கையில என்ன வச்சிருக்கீங்க?"

நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் ஒரு கண்ணாடித் துண்டு. அதில் சவரிமுத்துவின் கட்டியிலிருந்து எடுத்த சதை.

"எப்ப எடுத்தது?"

"மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம்?"

"அன்னிக்கு ஊசி குத்தினப்பவே ரொம்பத் துடிச்சுட்டார். மறுபடி கேக்க எனக்கு மனசு வரல. இதையே பார்த்து மருந்தைக் கூட்டிக் குடுக்கலாம்னு..."

திரவியம் கண்ணாடித் துண்டை மேசையில் வைத்தார்.

"இப்ப அவர்கிட்டப் போகணும், மேடம். ஏன்னு மறுபடி கேப்பார். நான் என்ன சொல்ல?"

"உங்களுக்குள்ள இப்ப இருக்கிறதை நான் இன்னும் பார்க்கவே இல்லைன்னு சொல்லுங்க."