தளபதி மாசிலாமணி ஏறின ஹெலிகாப்டர்

கால நீட்டிப் படு அமலி. அத்தை சொல்லச் சொல்ல 'ம்' கொட்டணும். கொட்டலன்னா அங்கேயே நிறுத்திடுவேன்.

ஒரு மலைநாட்டுல ஒரு பட்டாளத்துக்காரன் இருந்தான். பேரு மாசிலாமணி. அந்த நாட்டுல எப்பப் பாரு சண்டை. காயம்பட்டவங்கள கட்டில்ல தூக்கிக்கிட்டு மலைய விட்டு எறங்க நாலு நாள் ஆகும். மாசிலாமணி அப்படித் தூக்கிட்டு வந்த கூட்டாளி பாதி வழியிலேயே செத்துட்டான்.

"ம்."

அப்போ அவனுக்கு ஒரு யோசனை வந்துச்சு. மந்திரிங்க வெள்ளம் பாக்கப் போற ஹெலிகாப்டர்ல நாம ஏன் சண்டைக்குப் போகக்கூடாதுன்னு கேட்டான். பெரிய அதிகாரிங்க சிரிச்சாங்க. ஆனாலும் நச்சரிச்சு நச்சரிச்சு ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டான். படபடபடன்னு போயி, காயம்பட்டவங்கள அரை மணியில ஆஸ்பத்திரியில சேத்துட்டான். அது மொத தடவை.

அப்புறம் ரெண்டாவது தடவை, நாலு ஹெலிகாப்டர். விடியக்காலைல நாப்பது பேர எதிரி முதுகுப்பக்கம் கொண்டுபோய் எறக்கினான். எல்லாருக்கும் முன்னாடி அவன்தான் குதிப்பான், அது அவன் வழக்கம். உலை கொதிக்கிறதுக்குள்ள எதிரி கோட்டையப் பிடிச்சாச்சு. அவனத் தளபதியாக்கிட்டாங்க. அப்புறம் 'அவன்' எங்க, 'அவர்'தான். தலைக்கனமும் கூடவே ஏறிடுச்சு. எனக்கு அந்த மனுசன் மேல கோபம் வர்றதே இங்கதான்.

"ம்ம்..."

மூணாவது தடவையும் நாலு ஹெலிகாப்டர், நாப்பது பேர், ஆனா இன்னும் ஒசரமான மலை. சித்திரை மாசம், உச்சி வெயில். பைலட் யேசுவடியான் சொன்னான், ஐயா, அவ்வளவு ஒசரத்துல, இந்த வெயில்ல காத்து லேசாயிடும், ஒரு ஹெலிகாப்டர்ல பத்துப் பேர ஏத்தினா எழும்பாது, நாளைக்கு விடியட்டும்னு. தளபதி கேக்கல. அஞ்சஞ்சு பேரா ரெண்டு நடை அடிக்கலாம்னுட்டார்.

மொத நடையில இருபது பேர் எறங்கினாங்க. தளபதிதான் முன்னாடி. அப்புறம் மிச்ச ஆளுங்கள ஏத்திட்டு வர ஹெலிகாப்டர் எல்லாம் திரும்பிப் போயிடுச்சு. எதிரி சும்மா இருப்பானா? இந்தச் சத்தம் கேட்டா ஆளு எறங்குறாங்கன்னு போன தடவையே கத்துக்கிட்டான். டமார் டமார்னு சுத்தி நின்னு சுட்டான். தளபதிக்குத் தொடையில குண்டு. ரெண்டாவது நடை எறங்கவே முடியல. யேசுவடியான் மட்டும் தன் வண்டியில இருந்தவங்கள அடிவாரத்துல எறக்கிட்டு, காலியா வந்து சேந்தான். அப்போ மலை மேல உசுரோட இருந்தது பன்னெண்டு பேர். எடம் அஞ்சு பேருக்கு.

நான் வரலன்னு தளபதி ஒரு தடவை சொன்னார். ரெண்டாவது தடவை சொல்லல. பசங்க அவரத் தூக்கி உள்ள வச்சாங்க. இன்னும் நாலு பேர் ஏறினாங்க. ஏழு பேர் அங்கேயே நின்னுட்டாங்க.

"அவங்க அப்புறம் வந்தாங்களா அத்தை?"

இல்லடி. செத்துட்டாங்க. பொய் சொல்லி உன்னத் தூங்க வைக்க எனக்கு மனசு வரல.

அப்புறம் தளபதிக்குப் பதக்கம் குத்தினாங்க. நாடு நாடா அவர் வழியிலதான் பட்டாளம் பறந்துச்சு. அவரும் கிழவரானார். ஒரு நாள் தடிய ஊணிக்கிட்டு அந்த ஏழு பேர் வீட்டுக்கும் போனார். ஆறு வீட்டுல உக்காரவச்சு, காபி குடுத்து, மரியாதையாப் பேசினாங்க. ஏழாவது வீட்டுல சிவகாமுன்னு ஒரு அம்மா, செத்தவனப் பெத்தவ, வாசல்லயே நிறுத்திக் கேட்டாங்க.

"அந்தக் கடைசி வண்டியில இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருந்துச்சாய்யா?"

"இருந்துச்சும்மா," சொன்னார் தளபதி. "அதுல நான் உக்காந்துட்டேன்."

அந்தம்மா கதவச் சாத்திட்டாங்க.

அவங்க கதவச் சாத்தியாச்சு, நான் கதையச் சாத்தியாச்சு. நீ கண்ண மூடு.