பேச்சிமுத்துவின் இமை ஆறிய விதம்

மேட்டுக்குறிச்சியில் பெயின்டர் பேச்சிமுத்துவைத் தெரியாதவர் கிடையாது. அவர் முழித்திருந்து பார்த்தவர்தான் கிடையாது. மனிதர் நன்றாக முழித்துக்கொண்டுதான் இருப்பார். மேல் இமை இரண்டும் பழைய பந்தல் துணி மாதிரி தொங்கிப்போய்க் கண்ணை மறைத்துவிடும்.

வயது நாற்பத்துமூன்று. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும், "காப்பி குடுக்கும்போதே தூங்குற மாப்பிள்ள வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கீழே கொம்பையா, மாசானம், வேலாண்டி என்று மூன்று தம்பிகள். நால்வரும் சேர்ந்துதான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள். அண்ணனுக்கு ஆகாமல் தம்பிக்கு ஆகக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆக, இரண்டு இமைக்குப் பின்னால் நான்கு கல்யாணம் காத்துக் கிடந்தது.

நான்காவதாகத் தபாலாபீஸில் வேலை பார்க்கும் செண்பகவல்லியின் ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் பார்க்கும் நாளுக்குப் பதினாறு நாள் முன்பு, தம்பிகள் அண்ணனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய், தொங்கிய சதையை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"தூங்கும்போது தலை நெஞ்சைவிட உயரமா இருக்கணும். குனியக் கூடாது. தையலை யாரும் தொடக் கூடாது. வீக்கம் வடியுற வரைக்கும் மணிக்கு ஒருதரம் ஐஸ் ஒத்தடம் குடுங்க. கண்ணைச் சுத்தி கத்தரிப்பூ நிறமா இருக்கும். அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சளாகி மறைஞ்சிரும். கொஞ்ச நாளைக்கு இமை முழுசா மூடாது, பயப்படாதீங்க. ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"இல்ல" என்றார்கள் மூவரும். சந்தேகம் என்பதே அவர்களுக்கு வந்ததில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் சிக்கல் வீட்டு வாசலிலேயே நின்றது. அந்த வீட்டு வாசல்நிலை குட்டை. பேச்சிமுத்து வளர்ந்த நாளிலிருந்து குனிந்துதான் உள்ளே போய்வந்தார்.

"அண்ணன் குனியக் கூடாதுல்லா? எப்படி உள்ள போவாவ?" என்றான் கொம்பையா.

"நிலைய இடிச்சிருவமா?" என்றான் மாசானம்.

"இடிச்சா தூசி கண்ணுல விழும்ல. படுக்கப் போட்டு உள்ள கொண்டு போவோம்" என்றான் வேலாண்டி.

"படுத்தா தலையும் நெஞ்சும் ஒரே மட்டமாயிருமே."

"தூங்கும்போதுதான அப்படிச் சொன்னாவ. இப்ப அண்ணன் முழிச்சுல்லா இருக்காவ."

இது நியாயமாகப் பட்டது. பெயின்ட் அடிக்கும் ஏணியில் அண்ணனைப் படுக்கவைத்து, கண்ணில் கட்டோடு, ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். எதிர்வீட்டுப் பேராச்சி சித்தி அதைப் பார்த்தாள். மாரில் அடித்துக்கொண்டு, "ஐயா ராசா, ஒரு கல்யாணத்தைப் பாக்காமப் போறியே!" என்று ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"அழாதிய சித்தி" என்றார் பேச்சிமுத்து ஏணியிலிருந்து. "எல்லாம் பதினாறாம் நாளு இருக்குல்லா."

சித்தி இன்னும் சத்தமாக அழுதாள். தெருவில் ஒருவர் மாலையே வாங்கி வந்துவிட்டார். அதை வீணாக்க வேண்டாமென்று சாமி படத்துக்குப் போட்டார்கள்.

தூக்கத்துக்கு ஏணியே வசதியாக இருந்தது. அதைச் சுவரில் சாய்த்து, அண்ணனை அதன்மேல் நிறுத்தி, பழைய வேட்டியால் கட்டினார்கள். மாசானம் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில், சுவரில் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "தலை உசரமாத்தான் இருக்கு. தூங்குங்கண்ணே" என்றான். யாரும் தையலைத் தொட்டுவிடாதபடி, வேலைக்குக் கொண்டுபோகும் "ஈரம், தொடாதீர்கள்" பலகையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள்.

கால் வலியையும் மீறி அவர் கொஞ்சம் கண் அயர்ந்தால், கொம்பையா மணி பார்த்து எழுப்புவான். "அண்ணே, எந்திரிங்க. ஒத்தடம் குடுத்துட்டாத்தான் நிம்மதியாத் தூங்கலாம்."

வேலாண்டிக்கு நிறம் பார்க்கும் பொறுப்பு. பெயின்ட் கடையிலிருந்து நிற மாதிரிகள் அச்சடித்த ஷேடு கார்டு கொண்டுவந்து, தினமும் காலையில் அண்ணன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பான். ஐந்து நாள் கத்தரிப்பூவாகவே இருந்தது. ஆறாம் நாள் மஞ்சள் தட்டியது. வேலாண்டி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பச்சை வரவே இல்லயேண்ணே! பிரைமர் அடிக்காம மேப்பூச்சு அடிச்ச மாதிரில்லா ஆச்சு. உரிஞ்சிருமே!"

"நாம ஒரு கோட்டிங் பச்சை குடுத்திருவமா?" என்று மாசானம் பிரஷை எடுத்தான்.

நல்லவேளை, பலகையைக் கொம்பையா படித்தான். "தொடாதீர்கள்னு போட்டிருக்குல்லாலே" என்றான். மாசானம் பிரஷைக் கீழே வைத்தான். அந்த வீட்டில் எழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

ஏழாம் நாள் தையல் பிரிக்கப் போனார்கள். டாக்டரம்மா பேச்சிமுத்துவின் சிவந்த கண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டார். "தூங்கவே இல்லையா? தூக்கம்தாங்க மருந்து. இனி இவர் தூங்கினா எந்தக் காரணத்துக்காகவும் யாரும் எழுப்பக் கூடாது!"

தம்பிகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஆனால் ஏணியை மட்டும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அதனால் அடுத்த எட்டு நாளும் யாரும் எழுப்பவில்லை, அவரும் தூங்கவில்லை.

பதினாறாம் நாள் வந்தது. வீக்கமும் மஞ்சளும் போய், பேச்சிமுத்துவின் கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. தெருவுக்கே பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பெண் வீட்டில் அவரை மெத்தை வைத்த ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாசானம் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான். பதினைந்து நாளில் முதுகு மெத்தையைக் கண்டது அப்போதுதான். செண்பகவல்லி காப்பித் தட்டோடு வருவதற்குள் பேச்சிமுத்து தூங்கிவிட்டார். இமை மட்டும் மூடவில்லை.

"லே, அண்ணன் தூங்குதாவ" என்று காதைக் கடித்தான் கொம்பையா. "மூச்சு வேற மாதிரி வருது."

"எழுப்பிருவமா?" என்றான் மாசானம்.

"எழுப்பக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிருக்கோம்லா."

"அப்பம் கல்யாணம்?"

"சத்தியம்லே."

மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான்காவது இடமும் போயிற்று என்று வேலாண்டிக்கு அழுகை வந்தது. பெண்ணின் அப்பா இரண்டு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் செண்பகவல்லி. "இதுக்கு முன்ன வந்தவனுவ எல்லாம் செல்போனைப் பாத்துக்கிட்டிருந்தானுவ. இவுக நான் வந்ததுலேருந்து என்னையேதான் பாக்காவ. கண்ணைக்கூடச் சிமிட்டல."

தட்டு மாற்றினார்கள். கிளம்பும்போதும் எழுப்ப முடியாதே! தம்பிகள் மூவரும் அண்ணனை நாற்காலியோடு தூக்கினார்கள். "தம்பிமாருக்கு அண்ணன்மேல என்ன மரியாத!" என்று பெண்ணின் அப்பா வாசல்வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டு நிலைக்குள் நாற்காலி நுழையவில்லை. தெருவிலேயே வைத்தார்கள். போகிற வருகிறவர்கள், "பொண்ணு எப்படி பேச்சிமுத்து?" என்று கேட்டு, அவர் முறைத்துப் பார்ப்பதைக் கண்டு, "இப்பமே தலக்கனத்தப் பாத்தியா" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பத்து மணிக்குப் பேச்சிமுத்து எழுந்து சோம்பல் முறித்தார். பெண் வீட்டுக்குப் போய்வந்ததே அவர் நினைவில் இல்லை.

"நேரமாச்சே! என்னலே இன்னும் நிக்கிய? பொண்ணு பாக்கக் கிளம்புங்க."

அண்ணன் சொல்லைத் தட்டும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மூவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பெண் வீட்டு நாற்காலியையும் தூக்கிக்கொண்டார்கள்.