முள்ளம்பன்றி சொல்லாமல் விட்ட எலும்பு

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது, பிள்ளைகளே. இருந்தது என்று சொல்கிறேனே தவிர, இந்தக் கதை தொடங்கும் நாளில் அதற்கு இருக்க இடம் இல்லை.

கரையான் புற்றுக்குக் கீழே மூன்று அறை வைத்து அது தோண்டிய வளை நன்றாகத்தான் இருந்தது. மாமனார் வீட்டில் மூங்கில் குருத்து விருந்து என்று மனைவியை அழைத்துக்கொண்டு நான்கு நாள் போய்விட்டு வந்தது. வந்து பார்த்தால் வாசலில் நரி படுத்திருந்தது.

“யாருங்க வேணும்?” என்று நரி கேட்டது.

“இது என் வீடு!”

“அப்படியா? நான் பொறந்ததே இங்கேதான்” என்று சொல்லி நரி கொட்டாவி விட்டது.

முள்ளம்பன்றியின் மனைவிக்கு நிறைமாதம். ஐப்பசி மழைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் வளை திரும்பக் கிடைக்காவிட்டால் குட்டிகள் ஏதாவது பாறையடியில் நனைந்துகொண்டேதான் பிறக்க வேண்டும்.

அந்தக் காட்டில் வளை வழக்குகளை யானைதான் விசாரிக்கும். எந்த வளைக்குள்ளும் அதன் கால்கூட நுழையாது. ஆகவே எந்த வளை மேலும் அதற்கு ஆசை வராது என்று எல்லா விலங்குகளும் நம்பின.

செய்தி பரவியதும் கிளி பறந்து வந்தது. “நான் வாதாடுறேன் மாமா. எனக்குப் பேச்சு நல்லா வரும்.”

“இதுவரைக்கும் எத்தனை வழக்கு நடத்தியிருக்கே?”

“இதுதான் முதல் வழக்கு.”

அடுத்து மயில் வந்தது. தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. வழக்கு என்ன என்று கேட்கவே இல்லை.

“பேச்சும் வேண்டாம், தோகையும் வேண்டாம்” என்றாள் முள்ளம்பன்றியின் மனைவி. “வளைத் தகராறு நடத்திப் பழகினவங்களாப் பாருங்க.”

முள்ளம்பன்றி மனைவி சொன்னதைக் கேட்டது. இந்தக் கதையில் அது செய்த ஒரே நல்ல காரியம் இதுதான்.

பழகியவர் என்றால் அந்தக் காட்டில் மரங்கொத்தி அம்மாள்தான். வளைத் தகராறு, பொந்துத் தகராறு இரண்டிலும் பதினொரு மழைக்கால அனுபவம். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே எங்கே கெட்டி, எங்கே பொள்ளல் என்று சொல்லிவிடுவார். தன்னிடம் வருகிற கட்சிக்காரர்களையும் அப்படியேதான் தட்டிப் பார்ப்பார்.

“வர்றப்போ மூணு விஷயத்தை யோசிச்சு வரச் சொல்லு” என்று, முள்ளம்பன்றி தூது விட்ட அணிலிடம் சொல்லி அனுப்பினார். “வளையை எப்போ தோண்டினாங்க? தோண்டினதை யார் பார்த்தாங்க? உள்ளே என்னென்ன இருக்கு?”

முள்ளம்பன்றி இரண்டு நாள் ஒத்திகை பார்த்தது. ஓடையில் முக்கி முள் ஒவ்வொன்றையும் கழுவியது. வக்கீலம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக மனப்பாடம் செய்தது. சாட்சிக்கு ஒரு கீரியையும் பேசி வைத்தது. மூன்றாம் நாள் காலையில் மரத்தடியில் போய் நின்றபோது, இத்தனை தயாராக ஒரு கட்சிக்காரர் வந்ததை மரங்கொத்தி பார்த்ததே இல்லை.

“எப்போ தோண்டினீங்க?”

“போன வருஷம் பங்குனியிலம்மா.”

“யார் பார்த்தாங்க?”

“கீரி பார்த்தாரு. ஆனா தூரத்துல இருந்துதான் பார்த்தாராம். மண்ணு பறந்தது தெரிஞ்சது, ஆள் யாருன்னு சரியாத் தெரியலேங்கிறாரு.”

“பரவாயில்லை, உண்மையைச் சொன்னீங்களே. உள்ளே என்ன இருக்கு?”

“மூணு அறை. படுக்கக் காய்ஞ்ச புல்லு. மூலையில கொஞ்சம் கிழங்கு.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்லம்மா.”

இங்கேதான், பிள்ளைகளே, நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முள்ளம்பன்றிகளுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. அதற்காக அவை காட்டில் கிடக்கும் பழைய எலும்புகளைப் பொறுக்கி வந்து, வளைக்குள் வைத்துக் கடித்துத் தேய்க்கும். ஒரு முள்ளம்பன்றி விடாமல் எல்லாம் இதைச் செய்யும். ஒரு முள்ளம்பன்றிகூட இதை வெளியே சொல்லாது. கேட்டால், “எங்க வம்சத்துலேயே எலும்பைத் தொட்டவங்க கிடையாது, நாங்க கிழங்கு மட்டும்தான்” என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளும்.

நம் முள்ளம்பன்றியின் வளையில் ஒரு கூடை எலும்பு இருந்தது.

மரங்கொத்தி மரத்தை ஒரு தட்டுத் தட்டினார். “இந்த இடத்துல பொள்ளலாக் கேக்குதே. முள்ளு ஏன் இப்படி நிக்குது?”

“குளிருதும்மா.”

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“இதோ பாருங்க, இந்த மரத்தடியில சொன்னது இந்த மரத்தைத் தாண்டாது. வெட்கமான விஷயமா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடுங்க. அதை என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்.”

முள்ளம்பன்றி மூன்று தடவை வாயைத் திறந்து மூடியது. பிறகு மனப்பாடம் செய்து வந்த முதல் கேள்வியைக் கேட்டது. “நீங்க இதுவரைக்கும் எத்தனை வழக்கு ஜெயிச்சிருக்கீங்க?”

“கட்சிக்காரர் எல்லாத்தையும் சொன்ன வழக்குல முக்கால்வாசி” என்றார் மரங்கொத்தி.

விசாரணை நாள் வந்தது. மனைவியால் நடக்க முடியவில்லை, பாறையடியிலேயே இருந்துவிட்டாள். காட்டு முள்ளம்பன்றிகள் எல்லாம் திரண்டு வந்திருந்தன. முன்வரிசையில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

மரங்கொத்தி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு நரியை மடக்கிக்கொண்டே வந்தார். வளைக்கு எத்தனை வாசல் என்று கேட்டதற்கு நரி ஒன்று என்றது. பின்வாசல் ஒன்று இருப்பது அதற்குத் தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. யானையும் லேசாகக் காதை ஆட்டியது.

உடனே நரி எழுந்து கும்பிட்டது.

“ஐயா, நான் சோம்பேறி. சொந்த வீட்டுலேயே பின்பக்கம் போனதில்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். வளைக்குள்ளே ஒரு கூடை எலும்பு கிடக்கு. எலும்பு இருக்கிற வீடு நரி வீடா, முள்ளம்பன்றி வீடா? அவரையே கேளுங்க ஐயா.”

மரங்கொத்தி திரும்பிக் கட்சிக்காரரைப் பார்த்தார். “எங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம் அவகாசம் வேணும், ஐயா.”

“இந்தக் கிளையைத் தின்னு முடிக்கிற வரைக்கும் பேசிக்கோங்க” என்றது யானை.

மரத்துக்குப் பின்னால் அழைத்துப் போய் மரங்கொத்தி கேட்டார். “கடைசியாக் கேக்குறேன். அந்த எலும்பு யாருது?”

முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தது. மாமனார் கழுத்தை நீட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதும்மா.”

கிளை தீர்ந்தது. யானை கேட்டது. “எலும்பு உன்னுடையதா?”

“ஐயையோ! எங்க வம்சத்துலேயே எலும்பைத் தொட்டவங்க கிடையாதுங்க!” என்றது முள்ளம்பன்றி, நன்றாகச் சத்தமாக. மாமனார் பெருமையோடு தலையாட்டினார்.

“அப்படியென்றால் வளை நரிக்கு” என்று சொல்லிவிட்டு யானை குளிக்கப் போனது.

திரும்பி வரும் வழியில் முள்ளம்பன்றி மெல்ல இழுத்தது. “அம்மா, அந்த எலும்பு வந்து... என்னுதுதான். பல்லு தேய்க்க வெச்சிருந்தேன்.”

மரங்கொத்தி நடுவழியில் நின்றுவிட்டார்.

“கடிச்ச எலும்பா?”

“ஆமாம்மா.”

“உங்க முன்பல்லு ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இழைச்ச மாதிரி அதுல பதிஞ்சிருக்குமே! இந்தக் காட்டுல அப்படிக் கடிக்கிற ஆளு உங்களை விட்டா யாரு? நரிக்கு அந்தப் பல்லே கிடையாதே! ஒரே ஒரு எலும்பை யானை ஐயா முன்னாடி வெச்சிருந்தா, நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. நீங்க தெரியாதுன்னு சொன்னதால, எலும்பைக் கொண்டாரச் சொன்னா நமக்குக் கெடுதல்னு பேசாம இருந்தேன்.”

“இப்போ போய்ச் சொல்லலாமாம்மா?”

“சபையில எல்லார் முன்னாடியும் கத்திச் சொன்னீங்களே. இனிமே யார் நம்புவாங்க?”

மரங்கொத்தி பறந்து போனார். அன்று அவருக்கு இரை இறங்கவில்லை.

விசாரணைக்கு வந்திருந்த முள்ளம்பன்றிகள் எல்லாம் வீட்டுக்குப் போன உடனே தங்கள் எலும்புகளை மண் தோண்டிப் புதைத்தன. மாமனார்தான் அதிக ஆழம் தோண்டினார்.

நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு குட்டிகள் பாறையடியில், அப்பாவின் வயிற்றுக்கும் சேற்றுக்கும் நடுவில் பிறந்தன. நரி தன் புது வீட்டை ஒழித்து, அந்த ஒரு கூடை எலும்பையும் அருவருப்போடு வெளியே வீசியது.

மனைவி கணவனைப் பார்த்தாள். “போய் எடுத்துட்டு வாங்க. எனக்குப் பல்லு வளர்ந்துடுச்சு.”

முள்ளம்பன்றி மழையில் நனைந்துகொண்டே போய், தன் வீட்டு வாசலில் தன் எலும்பைப் பொறுக்கியது.

நீதி: ஊருக்கு எதை மறைத்தாலும், உனக்காக வாதாடுகிறவரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடு.