அமுக்கிய பிறகு

“டீச்சர், என் மக கல்யாணத்துக்கு நான் படம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா.”

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுடலைமணி இதைச் சொன்னார்.

“எந்த மக?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“இருக்கதே ஒரு மகதான். சங்கரி.”

“ஏன் கூடாதாம்?”

சுடலைமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். மகள் சொன்னதைத் தன் வாயால் சொல்வது வேப்பெண்ணெய் குடிப்பது போல இருந்தது.

“‘நீங்க எடுத்தா, உங்க ஆல்பத்துல இருக்க இன்னொரு பொண்ணா நானும் ஆயிருவேன்’னு சொல்லுதா.”

ஜெசிந்தா கதவை அகலத் திறந்தார்.

“உள்ள வாங்க, அண்ணாச்சி.”

தூத்துக்குடியில் மணி ஸ்டூடியோ சுடலைமணியைத் தெரியாத கல்யாண மண்டபம் கிடையாது. அவர் மேடையேறினால் ஐயரே கொஞ்சம் தள்ளி உட்காருவார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும், “அப்படியே இருங்க” என்று முகூர்த்தத்தையே நிறுத்தி வைத்த மனிதர். “நாடியத் தூக்கும்மா, வாய மூடிச் சிரி” என்று அவர் சொல்லச் சொல்ல, ஊரில் பாதிப் பெண்கள் முகவாயைத் தூக்கி, வாயை மூடிச் சிரித்தபடி கழுத்தை நீட்டியிருக்கிறார்கள்.

ஜெசிந்தா அவரைவிட வயதில் இளையவர். பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக் குளியலறையைப் படம் கழுவும் இருட்டறையாக்கி, தேடி வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சொல்லிக்கொடுக்கிறார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அவர் முன்னால் போய் நிற்பதற்குச் சுடலைமணிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் வேறு போட்டோக்காரரைத் தேட ஆரம்பித்திருந்தாள். ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் எடுத்துவிட்டு, சொந்த மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டு நிற்பதா? அது மட்டும் நடக்காது என்று முடிவு கட்டியிருந்தார்.

“என்ன கேமரா வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க. எதுன்னாலும் வாங்கிருதேன்.”

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். கறுப்புத் தோல் ஒட்டிய பழைய கேமரா. முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல்மூடியைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பது போலக் குனிந்து பார்க்க வேண்டும்.

“துறைமுகத்துக்குப் போங்க. இதுல எடுத்துட்டு வாங்க.”

“இதென்ன, பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கு?”

“இந்தக் கம்பியத் தள்ளினா விசை ஏறும். அப்புறம் இத அமுக்கணும். அமுக்கின பிறகு பிலிம் சுருளத் திருகி...”

“டீச்சர், எனக்கா சொல்லித் தாறீய?” என்று கையைக் காட்டி மறித்தார் சுடலைமணி.

ஜெசிந்தா நிறுத்திக்கொண்டார்.

*

மீன் ஏலம் முடிகிற நேரம். கூடைக்குப் பின்னால் மரியபுஷ்பம் என்ற மீன்காரி உட்கார்ந்திருந்தார். அவரையே முதல் படமாக எடுப்போம் என்று சுடலைமணி குனிந்து பெட்டிக்குள் பார்த்தார்.

கண்ணாடிக்குள் துறைமுகம் இடம் வலமாக மாறிக் கிடந்தது.

“கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உக்காருங்க.”

மரியபுஷ்பம் தள்ளி உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் அவர் எதிர்ப்பக்கம் போனார்.

“அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்.”

மறுபடி நகர்ந்தார். மறுபடியும் தப்பு.

“என்ன அண்ணாச்சி, என்னைய வச்சுக் கும்மி அடிக்கீயளா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“யாரும் சிரிக்காதீங்க” என்று அதட்டினார் சுடலைமணி. பிறகு மீன்காரியிடம், “நாடியத் தூக்குங்க. வாய மூடிச் சிரிங்க” என்றார்.

அமுக்கினார். அமுக்கிய கையோடு கேமராவைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். படம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். திரை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தோல்தான் இருந்தது.

ஐஸ் உடைக்கிறவரையும் அப்படியே நிறுத்தி எடுத்தார். தோலைப் பார்த்தார். ஏலம் கூறுகிறவரை எடுத்தார். அப்போதும் தோலைப் பார்த்தார்.

டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போய், இருட்டறைக் கதவுக்கு வெளியே காத்திருந்தார். ஜெசிந்தா சொட்டச் சொட்ட ஒரே ஒரு படத்தோடு வெளியே வந்தார்.

“மத்ததெல்லாம்?”

“எல்லாம் இதுலதான் இருக்கு.”

விசையை ஏற்றி ஏற்றி அமுக்கியவர், சுருளைத் திருகவே இல்லை. அவருடைய சொந்த டிஜிட்டல் கேமராவில் அதற்கு வேலையும் இல்லை. மரியபுஷ்பத்தின் மேல் ஐஸ்காரர் விழுந்து, அவர் மேல் ஏலக்காரர் விழுந்து, எல்லாரும் ஒரே படத்தில் கிடந்தார்கள்.

ஆனால் ஒரு விசேஷம். எல்லார் நாடியும் ஒரே இடத்தில் இருந்தது. எல்லார் வாயும் ஒரே மாதிரி மூடியிருந்தது. கண், மூக்கு எதுவும் பிசகவில்லை.

“இத்தனை பேரு சேந்தும் ஒரே ஆளு மாதிரி இருக்கு, பாருங்க” என்றார் ஜெசிந்தா.

சுடலைமணிக்குக் காது சூடாகிவிட்டது.

“கேமரா சரியில்ல, டீச்சர்.”

“ஓ, கூடம் கோணலா?”

சுடலைமணி புதுச் சுருள் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். ஒரு டப்பாவிடம் தோற்றுப்போகிற ஆளில்லை அவர்.

*

பிறகு சாப்பிடும்போதும் அந்தக் கேமராதான், படுக்கும்போதும் அந்தக் கேமராதான். கம்பியைத் தள்ளு, அமுக்கு, திருகு. கம்பியைத் தள்ளு, அமுக்கு, திருகு. “கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு. நீங்க அதையே கட்டிக்கிட்டு அழுங்க” என்று மனைவி வைதாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடமும் வலமும் மாறித் தெரிவதுகூடப் பழகிவிட்டது.

மறுபடி துறைமுகத்துக்குப் போய் அதே ஆட்களை எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை ஒவ்வொருவரும் தனித்தனிப் படமாக, முடி பிரிந்து தெரிகிற அளவுக்குத் தெளிவாக வந்தார்கள்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்.

“நல்லாருக்கு.”

சுடலைமணி மீசையைத் தடவிக்கொண்டார். “டப்பாவுலயும் எடுத்துக் காட்டிட்டேம்லா?”

“உங்க போன்ல கல்யாணப் படம் இருக்கா?”

இருந்தது. நீட்டினார். ஜெசிந்தா அதை மரியபுஷ்பத்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பட்டுச் சேலையில் ஒரு மணப்பெண். நாடி தூக்கியிருந்தது, வாய் மூடியிருந்தது.

மீன் கூடையோடு ஒரு மரியபுஷ்பம். நாடி தூக்கியிருந்தது, வாய் மூடியிருந்தது.

“அந்தக் கேமரா வேற, இந்தக் கேமரா வேற” என்றார் ஜெசிந்தா. “அந்தப் பொம்பளை வேற, இந்தப் பொம்பளை வேற. அப்ப இது எங்கேருந்து வருது, அண்ணாச்சி?”

சுடலைமணியின் கை மீசையிலிருந்து இறங்கியது.

படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார். “என்கிட்டேருந்துதான்.”

“ம்.”

“அப்ப எனக்கு வராதுங்கீயளா?”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்?”

“சொன்னாலும் நான் விடப்போறதில்ல” என்றார் சுடலைமணி. “அடுத்து என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க.”

“நாளைக்கு நானும் வாறேன்.”

*

ஜெசிந்தா வந்தார். வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சுடலைமணி எடுக்கும்போது இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, கையில் இருந்த செல்போனில் தானும் ஏதோ எடுத்தார். அவ்வளவுதான்.

சுருள் தீர்ந்ததும் இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். டீ வருவதற்குள் ஜெசிந்தா போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

முதல் படத்தில் மரியபுஷ்பம். பக்கத்தில் இருந்தவள் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்து, வாயெல்லாம் வெற்றிலையாக, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் ஏலக்காரர். ஊரையே அதட்டி ஏலம் கூறுகிற அந்த மனிதர், துண்டை வாயில் பொத்திக்கொண்டு, இன்னும் கரைக்கு வராத ஏதோ ஒரு படகுக்காகக் கடலைப் பார்த்து நின்றார். ஐஸ்காரர் மரத்துப்போன விரல்களைத் தன் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

சுடலைமணி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஒரு வழுக்கைத் தலை குனிந்திருந்தது.

“இது யாரு, குறுக்க?”

“நல்லாப் பாருங்க.”

பார்த்தார். அவர்தான். கையில் கேமராவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அதன் முதுகில் இருந்த கறுப்புத் தோலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் எப்ப எடுத்தீய?”

“நீங்க அமுக்கின பிறகு.”

“நானும் அங்கதான நின்னேன்?”

“அங்கதான் நின்னீய.”

டீ வந்தது. அவர் எடுக்கவில்லை.

இத்தனை கல்யாணங்கள். தாலி முடிச்சு விழுகிற நொடி ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி. முடிச்சு விழுந்த அடுத்த நொடி அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது? நினைத்துப் பார்த்தார். ஒருத்தியின் முகமாவது ஞாபகத்துக்கு வருமா என்று தவியாய்த் தவித்தார். ஒன்றும் வரவில்லை. அந்த நொடியில் அவர், திரையில் படம் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒரு கல்யாணத்தைக்கூடப் பாக்கல, டீச்சர்.”

“டீ ஆறுது” என்றார் ஜெசிந்தா.

*

ஞாயிற்றுக்கிழமை சுடலைமணி டீச்சரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஜெசிந்தா தோளில் தன் கேமராவோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

கூடத்தில் சங்கரி கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முதுகுப் பக்கம் நின்று கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“சங்கரி, ஒரு படம்” என்றார் சுடலைமணி.

போட்டோக்காரர் மகள் அல்லவா? சொல்லி வாய் மூடவில்லை, அவள் நாடி தானாக உயர்ந்தது. உதடு தானாக ஒட்டிக்கொண்டது. சுடலைமணிக்கு அழுகை வரும் போல இருந்தது.

அமுக்கினார்.

“ஆச்சா?” என்றாள் சங்கரி.

“ஆச்சும்மா.”

கேமராவைத் திருப்பவில்லை. கை பழக்கத்தில் துடித்தது, அடக்கினார். சத்தமில்லாமல் சுருளைத் திருகி, விசையை ஏற்றி, பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மகளையே பார்த்து நின்றார்.

“இந்தக் கொக்கி மாட்டுததுக்குள்ள நீ பிள்ளையே பெத்துருவ” என்றாள் அம்மா.

சங்கரி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் பளிச்சென்று எட்டிப் பார்த்தது.

அந்தப் பல்லை அவர் பார்த்து எத்தனை வருஷமாகிவிட்டது! சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஸ்டூடியோவில் நிற்க வைத்து, “வாய மூடிச் சிரி, பல்லு தெரியுது” என்று அவர்தான் சொன்னார். அன்றைக்கு மூடிய வாயை, அப்பா முன்னால் சிரிக்கும்போது அவள் திறக்கவே இல்லை.

பெட்டியை அசைக்காமல் அமுக்கினார்.

விரலைச் சுண்டிய சத்தம்கூட வரவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஜெசிந்தா இரண்டு படங்களையும் கழுவி எடுத்துக்கொண்டு வந்து சங்கரியின் கையில் கொடுத்தார்.

சங்கரி முதல் படத்தைப் பார்த்தாள்.

“இது அப்பா எடுத்தது” என்று கீழே வைத்துவிட்டாள்.

இரண்டாவதைப் பார்த்தாள். கீழே வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“என் பல்லு தெரியுது” என்றாள்.

சுடலைமணி மூச்சு விடாமல் நின்றார்.

“நான் இப்படியா சிரிக்கேன்?”

அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், “டீச்சர், என் கல்யாணத்துக்கு நீங்களே வந்து எடுத்துத் தாங்க. வேற யாரும் வேண்டாம்” என்றாள்.

“நான் எடுக்கலம்மா” என்றார் ஜெசிந்தா.

சங்கரி நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் படித்துக்கொண்டிருந்தார்.

“முகூர்த்தம் விடியக்காலம்” என்றாள் சங்கரி. “கேமராவோட நேரத்துக்கு வந்துருங்க, அப்பா.”