நானூறு வோல்ட் மாப்பிள்ளை

மொட்டையம்பட்டியில் ஒச்சப்பன், தவசி, மாயழகு என்று மூன்று பேர் கூட்டாக மைக் செட் நடத்திவந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு என்பது ஊர்ப்பேச்சு. அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு.

அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர் பழைய வால்வு செட்டு. கோயில் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதிலிருந்த சுவிட்ச் பொறி கக்கி உருகிப்போனது. ஒச்சப்பனுக்குப் பாவம், முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணமாகவில்லை. பக்கத்து ஊர் வீரணன்தான் போனால் போகிறதென்று, "பொங்கலன்னைக்கு உன் செட்டு நிக்காமப் பாடுனா எம் மக உனக்கு. நின்னுச்சுன்னா வேற மாப்பிள்ளை பாத்துக்கிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

மூவரும் மதுரைக்கு ஓடினார்கள். ரேடியோ மெக்கானிக் எரிந்த சுவிட்சைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வீட்டு லைட்டு சுவிட்சையா இதுக்குப் போட்டீங்க? வீட்டுக் கரண்ட் ஏ.சி. செகண்டுக்கு நூறு தடவை செத்துப் பிழைக்கும், பொறியும் கூடவே செத்துரும். இது நானூறு வோல்ட் டி.சி. லேசுல சாகாது. ஆஃப் பண்ணுனா ரெண்டு முனையும் நல்லா விலகுற சுவிட்சாப் பாத்து வாங்குங்க. ரெண்டு கையும் பட்டா ஷாக்கு நெஞ்சு வழியாப் பாயும்; வேலை பாக்கையில ஒரு கை சட்டைப் பையிலேயே இருக்கட்டும். நிறுத்துனாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும்; ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் அந்தக் கையை வெளிய எடுக்கணும்."

கடையில் பதினொரு சுவிட்சுகளைத் திறந்து பார்த்தார்கள்.

"ஒண்ணுலயும் ஒரு விரல்கூட நுழையலையே" என்றான் தவசி.

"நல்லா விலகுறதுன்னா எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

மாயழகு யோசித்தான். "எங்க பெரியப்பாவும் சித்தப்பாவும் நல்லா விலகிட்டாக. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருவது அடி."

இருபது அடி என்று முடிவானது. அவ்வளவு பெரிய சுவிட்ச் கடையில் இல்லை. கடைக்காரர் மிகவும் வருத்தப்பட்டார்.

ஆகவே அவர்களே செய்துகொண்டார்கள். இரண்டு மூங்கில் கம்பு. நுனியில் ஆளுக்கொரு செப்புத் தகடு. செட்டிலிருந்து தகட்டுக்கு நீளமான வயர். ஒச்சப்பன் சுவிட்சின் ஒரு பாதி, தவசி மறுபாதி. தகடுகள் முட்டினால் ஆன், இருபது அடி விலகினால் ஆஃப்.

பொங்கலன்று ஒச்சப்பன் புது ஜிப்பாவில் வந்தான். அதில் பை இல்லை.

"பையில்லாம எப்படிடா வேலை பாப்பே?" என்று பதறினான் மாயழகு.

"விடுடா, எம் பையில வச்சுக்கிறட்டும்" என்றான் தவசி. ஆபத்துக்கு உதவாத நண்பன் எதற்கு? பையிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து எறிந்தான். இரண்டு பேர் கையும் உள்ளே போயின. தகடுகள் முட்டின. செட்டு கணீரென்று பாடியது.

பொங்கல் முடிந்தது. மாயழகு, "ஆஃப்!" என்று கத்தினான். இருவரும் விலகப் போனார்கள்; பை விடவில்லை.

"கையை எடுடா!"

"ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தானே எடுக்கணும்?"

"விலகுனாத்தானே ஆஃப் ஆகும்?"

"கையை எடுத்தாத்தானே விலக முடியும்?"

மூவரும் விடியும்வரை விவாதித்தும் வழி பிறக்கவில்லை. "பிளக்கைப் பிடுங்குங்கப்பா" என்று ஒருவர் சொன்னார். அவர் வெளியூர்க்காரர்.

மூன்றாம் நாளும் பாட்டு நிற்காததைக் கேட்ட வீரணன் பூரித்துப்போனார். "சொன்ன சொல்லு மாறாத பய" என்று அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை வைத்தார். அதுவரை மாயழகுதான் இருவருக்கும் சோறு ஊட்டினான்.

பதினோராம் நாள், செட்டு பாடிக்கொண்டிருந்த கோயில் வாசலிலேயே போட்ட மணவறையில் மணமகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அது யாரு?" என்று ஐயர் கேட்டார்.

"சுவிட்சோட மறுபாதி சாமி" என்றார் வீரணன்.

தாலி வந்தது. மாப்பிள்ளையின் ஒரு கை கம்பில், மறுகை பையில். கெட்டிமேளம் கொட்டிக் கொட்டி மேளக்காரருக்குக் கை ஓய்ந்தது. ஒச்சப்பன் கண்ணில் நீர் தளும்பியது. கடைசியில் மணமகளே தாலியை வாங்கி அவன் கழுத்தில் கட்டினாள்.

மூன்று முடிச்சுப் போட ஒன்றரை மணி நேரம் ஆனது. சேலையில் பை இல்லாததால், அவள் ஒரு கையை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கட்டினாள்.