அறுக்காமல் விட்ட நுனி

ஆடுகள் பேசி, மனிதர்கள் கொஞ்சம் வாயடக்கமாக இருந்த காலம் ஒன்று முன்பு இருந்ததாம். அப்போது நீலமுடி நாட்டில் வேலாத்தா என்றொரு கம்பளக்காரி இருந்தாள். சணல் துணியில் கொக்கி ஊசியை விட்டு, அடியிலிருக்கும் கம்பளி நூலைக் கண்ணி கண்ணியாக மேலே இழுத்துச் சின்னக் கம்பளங்கள் போடுவாள். கை பொன். வாயா? அதை விடுங்கள்.

மகள் சிலம்பாயிக்கு ஒரு கெட்ட பழக்கம். கடைசி நுனியை மேலே இழுத்து அறுக்காமல் அடியிலேயே தொங்க விட்டுவிடுவாள். அதை யாராவது இழுத்தால் போச்சு.

"முடிச்சே இல்லாத வேலைடி இது! நுனியை விட்டா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துடும்!" என்று நறுக்கென்று குட்டுவாள் வேலாத்தா.

ஒருநாள் குட்டு வாங்கிய பெண், கோபித்துக்கொண்டு காட்டுப்பக்கம் போனாள். திரும்பவில்லை.

அந்தக் காட்டில் உக்கிரபாகு என்ற மந்திரவாதி இருந்தான். அகப்பட்டவர்களை ஆடாக்குவான், அமாவாசைக்கு ஒன்றாக அறுத்துத் தின்பான். வேலாத்தா அவன் வாசலில் போய் நின்றாள். பட்டிக்குள் ஒரு குட்டி, "அம்மா, வந்துட்டியா?" என்றது.

"என் பொண்ணை விடு."

"விடுறேன். இந்த ஆடுகளோட ரோமத்துல என் உருவத்தைக் கம்பளமாப் போட்டுக் குடு. அது கிழியாம இருக்கிற வரைக்கும் எனக்குச் சாவு இல்லை. ஆனா சாயம் போகக் கூடாது. போச்சுன்னா தாயும் மகளும் ஒரே சட்டியில!"

அவன் போனதும் குட்டி சொன்னது: "நம்பாதே அம்மா. உனக்கு முன்னாடி மூணு பேர்கிட்ட இப்படித்தான் சொன்னான். மூணு பேரையும் தின்னுட்டான்."

வேலாத்தா கத்தரியை எடுத்தாள். ரோமம் கத்தரித்தாள். மகளைக் கடைசியாகக் கத்தரித்தாள்.

"வலிக்குதாடி?"

"குளிருது."

நூல் நூற்றாள். அவுரியில் முக்கி நீலம் எடுத்தாள். படிகாரத் தண்ணீரில் பதப்படுத்தி, மஞ்சிட்டி வேரில் சிவப்பும் மாதுளந்தோலில் மஞ்சளும் ஏற்றினாள். மூன்றையும் நுனியோடு நுனி முறுக்கி ஒரே நூலாக்கினாள். நீலச் செருப்பு, சிவப்பு அங்கி, மஞ்சள் முகம் என்று அமாவாசைக் காலையில் கம்பளம் முடிந்தது.

மந்திரவாதி அதைத் தண்ணீரில் முக்கினான். சாயம் போகவில்லை. வெயிலில் போட்டான். வெளுக்கவில்லை. வெள்ளைத் துணியால் தேய்த்தான். ஒட்டவில்லை. மூன்று தடவை சோதித்தவனுக்கு ஒரு தடவை புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை, மடையன்.

"இனி இதுவும் நானும் ஒண்ணு!" என்று மந்திரம் சொல்லி அதன்மேல் துப்பினான். பிறகு கத்தியை எடுத்துக் குட்டியின் காலைப் பிடித்தான்.

"குடுத்த வாக்கு?"

"கறிக்கு என்ன வாக்கு?"

வேலாத்தா கம்பளத்தைப் புரட்டினாள். அடியில் ஒரு நுனி தொங்கியது. இழுத்தாள்.

நீலம் உருவிக்கொண்டு வந்தது. அவன் பாதங்கள் இல்லை. தொப்பென்று விழுந்தான். சிவப்பு வந்தது, வயிறு போயிற்று, கத்தி பிடித்த கை போயிற்று.

"நிறுத்து! நாட்டையே தரேன்!"

"சும்மா இரு. நூல் சிக்குது."

மஞ்சள் வந்தது. கண்கள் கடைசியாகப் போயின. மிஞ்சியது வெறும் சணல் துணியும், சுருள் சுருளாய் நூலும்.

பட்டியில் பன்னிரண்டு பேர் மனிதர்களாக எழுந்தார்கள். ஊரே ஓடி வந்தது. தின்னப்பட்டவர்களின் வீட்டாரும் வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, பட்டி வாசலிலேயே பொழுது சாயும்வரை நின்றார்கள். ராஜா அந்தக் காட்டையும் மேய்ச்சலையும் வேலாத்தாவுக்கே எழுதி வைத்தார். அவள் அதை முதலில் அந்த வீட்டாருக்குத்தான் பங்கிட்டாள்.

ஒட்ட வெட்டிய தலையோடு சிலம்பாயி கேட்டாள்: "நுனியை அறுக்காம விட்டுட்டியே அம்மா. உன்னை யாரு குட்டுறது?"

வேலாத்தாவின் கை குட்டத்தான் ஓங்கியது. அந்த மொட்டைத் தலையில் இறங்கி, அங்கேயே இருந்துவிட்டது.

நீலமுடி நாட்டில் கம்பளம் வாங்குகிறவர்கள் அன்றிலிருந்து முதலில் அடியைத்தான் புரட்டிப் பார்ப்பார்களாம். மாப்பிள்ளை பார்ப்பதும் அங்கே அப்படித்தானாம்.